ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்

முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான்.
பஃபலோ நகரத்து ஆஸ்பத்திரிகள், வங்கிகள்,
நீதிமன்றத்தின் அந்தக் கிழட்டு இயந்திரம் உட்பட.
ஆகவே இந்த ஒரு விஷயத்தில்
என் பேச்சை நம்பலாம்.

கறுப்பு வெள்ளைப் படம். ஹோட்டல் கூடம்.
காலையில்தான் விவாகரத்துப் பத்திரத்தில்
கையெழுத்துப் போட்ட இருவர்
ஒரே தோல்பெட்டியை என்னுடையது என்கிறார்கள்.
ஆளுக்கொரு பக்கம் அதைப் பிடித்தபடி
ஒரே லிஃப்டுக்குள் நுழைகிறார்கள்.
சத்தம் பொறுக்காமல் லிஃப்ட் பையன்
வெளியே குதித்துவிடுகிறான்.
கதவு சாத்திக்கொள்கிறது.

இயக்குநர் எமில் ஹவ்ரானெக் உள்ளே போகவில்லை.
காமிராவும் பையனோடு வெளியே நிற்கிறது,
கதவுக்கு மேல் அரைவட்டப் பித்தளையில்
மாடி எண்களைத் தொட்டு நகரும்
முள்ளைப் பார்த்துக்கொண்டு.

நான்கு. ஐந்து.
பெட்டிச் சண்டை இன்னும் காதில் விழுகிறது.
ஏழு. விழவில்லை.
ஒன்பது.

முள் நிற்கிறது,
ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்.

பதினோரு நொடி. எண்ணியிருக்கிறேன்.
இசை கிடையாது.
பையன் முள்ளை அண்ணாந்து பார்க்கிறான்,
பக்கத்துப் பூந்தொட்டியைப் பார்க்கிறான்,
மெதுவாகத்
தொப்பியைக் கழற்றுகிறான்.

அந்த இடத்தில் அரங்கு உடைந்து போகும்.
சிரித்து முடிப்பதற்குள் முள் நகரும்,
மேலே அல்ல, கீழே.
எதற்காக ஏறினோம் என்பதே
மறந்துபோயிருக்கிறது அவர்களுக்கு.

ப்ர்னோவில் கையுறைக் கடைக்காரர் மகனாம் ஹவ்ரானெக்.
ஆங்கிலம் கடைசிவரை நொண்டியதாம்.
அதனாலோ என்னவோ அவர் படங்களில்
காதலிக்கிறேன் என்று ஒருவரும் சொல்வதில்லை.
சொல்லியே தீரவேண்டிய இடத்தில்
யாராவது சாவியைத் தேடுவார்கள்,
சூப்பில் உப்பில்லை என்பார்கள்.
கத்தரிக்கோலோடு காத்திருந்த தணிக்கைக்காரர்கள்
ஒரு முள்ளில் எதை வெட்டுவார்கள்?

ஹாலினாவோடு முதல்முறை பார்த்தது
பெரும் பனிப்புயலுக்கு அடுத்த வருடம்.
வீடு திரும்பும் பஸ்ஸில் அவளிடம் விளக்கினேன்.
அந்தக் காலத்து லிஃப்டில் ஒரு கைப்பிடி இருக்கும்.
அழுத்திப் பிடித்திருந்தால் போகும்,
கையை எடுத்தால் நின்றுவிடும்.
யாரும் அதை நிறுத்தவில்லை, ஹாலினா.
யாரோ கையை எடுத்திருக்கிறார்கள்.
அந்தக் கைக்கு வேறு வேலை வந்துவிட்டது.

யார் கை என்றாள்.
அவன் கை என்றேன்.
அவள் கைதான் என்றாள்.

பதிமூன்று வருடம் இதே வழக்கு.
அடுப்படியில், அவள் தங்கை கல்யாணத்தில்,
ஒருமுறை பல்வைத்தியர் வாசலில்.
பிறகு வேறு வழக்குகள் வந்தன.
அவற்றில் சிரிப்பு இல்லை.
நீதிமன்றத்துக்கு நாங்கள் ஏறிப்போன லிஃப்ட்
நான் எண்ணெய் போட்டது. எங்கும் நிற்காமல் போனது.

இந்தச் செவ்வாய்க்கிழமை
படத்தை மறுபடி போட்டார்கள், பிராட்வே முனையில்.
மொத்தம் பத்தொன்பது பேர்.
மூன்று வரிசை முன்னால் ஒரு நரைத்த தலை,
கழற்றாத பச்சைக் கம்பளித் தொப்பி.
முள் நின்றது.
எட்டாவது நொடியில், யாரும் சிரிப்பதற்கு முன்,
அந்தத் தலை திரும்பாமலே
உரக்கச் சொன்னது:
"அவள் கைதான்."

வாசலில் பனி குறுக்காக அடித்துக்கொண்டிருந்தது.
கைப்பிடி ஒன்று, கைகள் நான்கு,
யாருடையதாகவும் இருக்கலாம் என்றேன்.
இத்தனை வருடம் லிஃப்ட் பார்த்துவிட்டு
இப்போதுதான் தெரிந்ததாக்கும் என்றாள்.
மூக்குக் கண்ணாடி புதிது. பாதி மறைத்தது ஆவி.
ஹவ்ரானெக் பிடிவாதக்காரர் என்றேன்.
மரியாதை தெரிந்தவர் என்றாள்,
கதவு சாத்தினால் வெளியே நிற்கத் தெரிந்தவர்.

இருபத்துமூன்றாம் எண் பஸ் வந்தது.
கதவைத் திறந்து வைத்துக்கொண்டு
ஓட்டுநர் எங்களைப் பார்த்தார்,
பூட்டிய டிக்கெட் ஜன்னலைப் பார்த்தார்.
நாங்கள் நகரவில்லை.
கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அவர் தலையில் தொப்பி இருந்ததா என்று
நான் கவனிக்கவில்லை.
இருந்தது என்கிறாள் ஹாலினா.