சி பிளஸ்

மலாய் சி பிளஸ். கணிதம் சி.
அறிவியல் சி. வரலாறு டி.
ஆங்கிலத்தில் பி வந்தது
அவளுக்கே ஆச்சரியம்.
தமிழ் மட்டும் ஏ மைனஸ்.
அதைப் பார்த்ததும் நான் சிரித்தேன்;
அந்தச் சிரிப்புக்குக் கட்டம் போட்ட
விண்ணப்பப் படிவம் எதுவும் இல்லை.

லோஷினி தாளை நான்காய் மடித்து
கைப்பேசி உறைக்குள் செருகிக்கொண்டாள்.
அழவில்லை. அதுதான் எனக்குச் சங்கடம்.
எதிர் வீட்டு நவீந்திரனுக்கு ஒன்பது ஏ;
கேசரி கொடுத்தனுப்பியிருந்தார்கள்.
இரண்டு பேரும் தின்றோம்.
நன்றாகத்தான் இருந்தது.

பதினான்கு வருடமாய் பாயான் லெப்பாசில்
நுண்ணோக்கியின் கீழ் பலகை பார்க்கிறவள் நான்.
பச்சைப் பலகை, வெள்ளி ஈயம், முடிபோல் கால்கள்.
நல்லது இந்தப் பக்கம். போனது சிவப்புப் பெட்டிக்கு.
நடுவில் ஒரு மேசை உண்டு, ரீவொர்க் என்போம்.
ஒரு கால் சரியாய் ஒட்டியிருக்காது, அவ்வளவுதான்.
அங்கே உட்காரும் ரோஸ்னாவின் கை
எங்கள் வரிசையிலேயே நிதானமான கை.
என் பிள்ளையைப் பலகை என்று சொல்லவில்லை.
அப்படி ஒரு மேசை எந்தக் கல்லூரியில் கிடக்கிறது
என்று தேடித்தான்
ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு
கல்விக் கண்காட்சிக்குப் பஸ் ஏறினோம்.

மண்டபம் முழுக்கக் குளிர், பலூன், இலவசப் பேனா.
"கவலையே வேண்டாம் அக்கா, எல்லாரையும் எடுத்துக்குவோம்"
என்றான் ஒரு பையன், கழுத்துப்பட்டை மின்ன.
இன்றே பதிந்தால் மடிக்கணினி உண்டாம்.
கையேட்டில் நீச்சல் குளம்.
குளத்தோரம் சிரிக்கிற பிள்ளைகளில்
ஒன்றின் கையிலும் புத்தகம் இல்லை.

ஷிப்ட் முடிவில் சூப்பர்வைசர் கேட்கும் கேள்வி
என் வாயில் வந்துவிட்டது:
எத்தனை உள்ளே போச்சு? எத்தனை முடிஞ்சு வெளியே வந்துச்சு?
அவன் விழித்தான்.
மேலாளரைக் கேட்டுச் சொல்வதாக
என் எண்ணை வாங்கிக்கொண்டான்.
மாலைக்குள் ஆறு விளம்பரம் வந்தது. பதில் வரவில்லை.

ஒன்பது மேசையில் கேட்டேன்.
"அம்மா, போதும், எல்லாரும் பார்க்கிறாங்க"
என்று லோஷினி சட்டையை இழுத்தாள்.
பார்க்கட்டும்.

கழிப்பறைக்குப் போகும் வழியில்
பலூன் இல்லாத ஒரு மேசை.
திருமதி ஊய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.
சேர்ந்தது நாற்பத்தொன்று. முடித்தது முப்பத்திரண்டு.
நான்கு பேர் இடையில் வேலைக்குப் போனார்கள்.
மூன்று பேருக்குக் கட்டணம் கட்ட வழியில்லை.
"இரண்டு பேரை நாங்கள் கவனிக்கத் தவறினோம்"
என்றார் மலாயில், விரலை அந்த வரியிலிருந்து எடுக்காமல்.

தாளை நீட்டினேன். மேலிருந்து கீழே படித்தார்.
எல்லாரும் டி-யில் நிற்பார்கள்;
இவர் பி-யில் நின்று, "என்ன பிடிக்கும்?" என்று
என்னை விட்டுவிட்டு அவளைக் கேட்டார்.

நான் எதிர்பார்க்கவே இல்லை.
"லிஃப்ட்" என்றாள்.
"எங்க பிளாட்ல மாசத்துல பாதி நாள் ஓடாது.
ரிப்பேர் பண்ண வர்ற அண்ணன் பக்கத்துல நின்னு பார்ப்பேன்.
அது எப்படி நிற்குதுன்னு தெரியும்,
எப்படி ஓடுதுன்னுதான் தெரியாது."

பதினேழு வருடம் என் பக்கத்தில் படுத்த பிள்ளை.
எனக்குச் சொன்னதே இல்லை.
நானும் கேட்டதில்லை.

மின்பொறியியல் டிப்ளோமா, இரண்டாம் ஆண்டில் அது வருமாம்.
வியாழக்கிழமை பட்டறையை வந்து பாருங்கள் என்றார்.
இன்னும் எதுவும் முடிவாகவில்லை.
பாலிடெக்னிக்குக்கும் போட்டிருக்கிறோம்,
ஆறாம் படிவ இடமும் இருக்கிறது,
கடனுதவியின் வட்டியை
மளிகை ரசீதின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்றைக்கும் லிஃப்ட் ஓடவில்லை.
பதினொரு மாடி.
ஏழாவதில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன்.
அவள் மூடிய கதவில் காதை வைத்து
உள்ளே ஏதோ முனகுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.
"சும்மா இரும்மா" என்றாள்,
நான் ஒன்றுமே பேசாதபோது.