பசிக்கு ஒரு துணைக்கால்

மிஃபுயு கல்லுக்குப் பல் துலக்குகிறாள்.
ஷிகோகு தீவின் மலைமடிப்பில்
வரைபடம் பெயர் சொல்லாத ஓர் ஓடை.
இடது உள்ளங்கையில் கல்.
கல்லின்மேல்
ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் ரப்பர்ச் சட்டம்.
சட்டத்துக்குள் இருப்பது மட்டும் கணக்கு.
வெளியே வழுக்குவதை
ஓடையே வைத்துக்கொள்ளட்டும்.

பிரஷ்ஷைக் குப்பியில் அலசுகிறாள்:
இரண்டாம் முறை கொதித்த தேநீரின் நிறம்.
நுண்ணோக்கியில் அதுவே
கண்ணாடிப் பேழைக்குள் உயிரை வைத்து மூடிய
டயாட்டம்கள்,
படகுகள், ஊசிகள், உடைந்த சீப்புகள்.

இவ்வூரார் இதை அகா என்கிறார்கள்.
குளிக்கையில் முதுகிலிருந்து உருண்டு வருவதும்
அகாதான்.
அயூ மீன் மேய்வதும் அகா.
என் மொழியில்
பசிக்கு ஒரு துணைக்கால் கொடுத்தால்
பாசி.

ஏப்ரலில் இடதுகரைச் சுகி மரங்களை அறுத்தார்கள்.
ஐம்பதாண்டு நிழல்
எட்டு நாளில் லாரியேறிப் போனது.
வெயில் முதன்முதலாக
ஓடையின் அடிவரை இறங்கிப் பார்த்தது.
ஜூனில் பச்சை இழைகள்,
பூனை இழுத்துப்போட்ட நூற்கண்டு மாதிரி,
ஒவ்வொரு கல்லிலும்.

ஒரு சதுர மீட்டர் பாசிக்கு
ஓர் அயூ பட்டா வைத்திருக்கும்.
எல்லை தாண்டும் மீனை முட்டித் துரத்தும்.
அந்தக் கோபத்தை நம்பித்தான்
குவாபாரா தன் உயிர்மீனுக்கு
மூக்கணாங்கயிறு பூட்டி நீரில் விடுகிறார்.
இந்தக் கோடையில்
அது பச்சை நூலை வாரிக்கொண்டு திரும்பியது.
முட்ட யாரும் வரவில்லை.

மீனவர் சங்கக் கிடங்கில் கூட்டம்.
யூசுத் தோட்டத்து உரம், என்றார் குவாபாரா.
என் உரம் முப்பது வருடமாக அதே மூட்டைதான்,
வெட்டியது மரத்தை, என்றாள் ஒரியே.
மரமா, மேலே போட்ட ரோட்டு மண்ணைப் பாருங்கள்,
என்றார் மரம் வெட்டியவர்.
மிஃபுயு தாளைப் புரட்டினாள்:
வெளிச்சம் ஒன்பது மடங்கு.
தோட்டத்துக்குக் கீழே நைட்ரேட் கொஞ்சம் கூட.
மண் படிந்த இடத்தில் நீரோட்டம் பாதி.
நத்தைகள் குறைவு, ஏனென்று தெரியவில்லை.
"அப்படியானால் யார்?"
"எல்லாரும்தான்," என்றாள்.
அதற்குப் பிறகு யாரும்
அவளுக்குத் தேநீர் ஊற்றவில்லை.

செப்டம்பரில் புயல்.
இரவெல்லாம் பாறைகள் உருளும் ஓசை
வீட்டுத் தரை வழியாகக் காலில் ஏறியது.
விடிந்தபோது ஓடை முழுக்க
உரித்த முட்டை போல் வெள்ளைக் கற்கள்.
இழை இல்லை, அகா இல்லை,
அவள் சிவப்பில் எண் எழுதி வைத்தவை
ஒன்றும் இல்லை.
பதினாலாம் எண் மட்டும்
இருநூறு மீட்டர் கீழே
குப்புறக் கிடந்தது.

நாலாம் நாள் பார்வைக்கு ஏதுமில்லை.
விரல் வழுக்கியது.
பாசி கண்ணுக்கு வருமுன்
தோலுக்கு வருகிறது.
பதினோராம் நாள் லேசான பழுப்பு:
கல்லோடு கல்லாகப் படுத்துக்கொள்ளத் தெரிந்தவை
முதலில் வந்தன.
பிறகு மீன் வந்தது.
மேய மேயக் கண்ணாடிப் பேழைகள் குறைந்தன,
கடித்தாலும் அடியிலிருந்து நீளும்
நீலப்பச்சை இழைகள் மிஞ்சின.
தின்ற வாயே
அடுத்து எது முளைப்பதென்று சொல்லிவிட்டுப் போயிற்று.

அக்டோபர் கடைசி.
முட்டையிட அயூக்கள் கடலை நோக்கி இறங்கிவிட்டன.
அவற்றுக்கு ஆயுள் ஒரே வருடம், திரும்பமாட்டா.
பதினாலாம் கல்லில்
மூங்கிலிலை வடிவில் ஒரு கடித்தடம்,
போன மீனுடையது.
சட்டத்தை வைத்தாள்.
தடத்தில் பாதி உள்ளே, பாதி வெளியே.
கண்ணை மூடி வைத்த சட்டத்தை
நகர்த்தக் கூடாது என்பது விதி.
கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.
குளிரில் விரல்நுனி சிவந்தது.

உள்ளே இருந்த பாதியைத் துலக்கி எடுத்தாள்.
கல்லை நீரில் வைத்தாள்,
வெளிச்சம் பார்த்த முகம்
மேலே இருக்கும்படி.