அறுபத்தொன்று

எங்கள் மலையில் மின்தடை என்று யாரும் சொல்வதில்லை.
வெளிச்சம் போய்விட்டது என்போம்,
சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்ட
ஓர் உறவுக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல.
போர்த்தோ ரிக்கோ முழுக்க இப்படித்தான்.
உத்துவாதோவில் அந்த உறவுக்காரர்
திரும்பி வரக் கூடுதல் நாளாகும், அவ்வளவே.

இன்று அது போனதே எனக்குத் தெரியவில்லை.
வாழைக்காய் பொன்னிறமாகிக்கொண்டிருந்தது.
விசிறி சுற்றியது. வானொலி பேசியது.
உள்ளறையில் ஆக்சிஜன் இயந்திரம்
அனிபாலுக்கும் சேர்த்து மூச்சு விட்டது.

எதிர்ச்சரிவில் எலியூட்
ஜெனரேட்டரின் கயிற்றை இழுக்கும் சத்தம்.
ஒருமுறை, இருமுறை,
ஏழாம் முறை நான் எட்டிப் பார்த்தேன்.
பள்ளத்தாக்கு முழுவதும் மை.
எங்கள் வீடு மட்டும்
துக்க வீட்டில் தெரியாமல் சிரித்தவனின் பல் மாதிரி.

அவசரமாகத் திரைச்சீலையை இழுத்தேன்.

பெரிய புயலுக்குப் பின் நூற்றுப் பதினேழு நாள்
எங்களிடமும் அப்படியொரு ஜெனரேட்டர் இருந்தது.
பெட்ரோலுக்கு விடியுமுன் வரிசை,
சோற்றில் புகை வாசனை,
அது நின்றுவிட்டால் தூக்கிவாரிப்போடும் தூக்கம்.
அனிபால் தன் லாரியை விற்றார்.
லாரி நின்ற கொட்டகைச் சுவரில் இப்போது
வெள்ளையாக, மெலிதாக, வாய் திறக்காமல்
மாட்டிக்கொண்டிருக்கிறது பேட்டரி.
அதன் பக்கவாட்டில் ஒரு பச்சைக் கோடு.
அந்தக் கோட்டின் உயரம்தான்
எங்களுக்கு இருக்கும் நேரம்.

நிரம்பினால் பதின்மூன்று யூனிட்.
இயந்திரம் ஒரு நாளைக்கு எட்டரை தின்னும்.
குளிர்பெட்டிக்கு ஒன்றரை.
மீதியில்தான் விசிறி, வானொலி, பெருந்தன்மை எல்லாம்.
மூன்று நாளாக மழை வேறு.
கூரைத் தகடுகள் சும்மா நனைந்துகொண்டிருந்தன.

எலியூட் வந்தார்.
தோளில் சுருட்டிய ஆரஞ்சு வயர்,
கையெல்லாம் கிரீஸ்.
மாலை வணக்கம், சொராய்தா, என்று அவர் தொடங்கியதுமே
நான் கழிக்கத் தொடங்கிவிட்டேன்.

உறைபெட்டியில் ஒரு பன்றி முழுதாக இருக்கிறதாம்.
சனிக்கிழமை நெரெய்தாவுக்குக் கல்யாணம்.
ஜெனரேட்டர் செத்துவிட்டது.
காலைவரை மட்டும்.

நாற்பதுதான் இருக்கிறது, என்றேன்.

அறுபத்தொன்று இருந்தது.
அவர் கொட்டகை வழியாகத்தான் வந்திருந்தார்.
பச்சைக் கோட்டுக்கு அருகில்தான் செருப்பைக் கழற்றியிருந்தார்.
பாவம், அவருக்கு அனிபால் முக்கியம் அல்லவா,
என்று எனக்காக அவரே சொல்லிக்கொண்டு
படியிறங்கினார்.

உள்ளறையிலிருந்து குரல்,
குழாய்க்கும் மூக்குக்கும் இடையில் நசுங்கி:
"யாருடைய பன்றி?"
எலியூட்டுடையது.
"அப்படியானால் நமக்கு அழைப்பு உண்டு."
சற்று மூச்சு வாங்கிவிட்டு,
"உப்புக் குறைவாகப் போடச் சொல்."

விசிறியை நிறுத்தினேன். வானொலியை நிறுத்தினேன்.
எங்கள் குளிர்பெட்டியையும் நிறுத்திவிட்டு,
அரைப் படி பால், நாலு முட்டை, ஒரு பாலாடைக்கட்டி,
எல்லாவற்றையும் கூடையில் போட்டு
மழையில் இறங்கி அவர் வாசலில் நின்றேன்.
இதற்கும் பன்றிக்குப் பக்கத்தில் இடம் இருக்குமா?
அவர் எதுவும் கேட்கவில்லை.
வயரின் ஒரு முனையைக் கையில் கொடுத்தார்.

இரவு இரண்டரை. தூக்கம் வராமல் கொட்டகையில் நிற்கிறேன்.
நாற்பது.
நான் சொன்ன பொய்
ஆறரை மணிநேரம் நடந்து வந்து
உண்மையாகியிருக்கிறது.
விடிய இன்னும் நேரமிருக்கிறது.
விடிந்தாலும் வெயில் வருமென்று
யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

சாலையின் குறுக்கே வயர்
நனைந்த பாம்பாகப் படுத்திருக்கிறது.
மேலேயிருந்து ஒரு கார் வந்து, பார்த்து, நிற்கிறது.
ஓட்டியவனை எனக்குத் தெரியாது.
இறங்கி ஓரத்தில் தேடுகிறான்.
இரண்டு மரத்துண்டுகளை வயருக்கு
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைக்கிறான்,
சக்கரம் வயரை மிதிக்காமல் தாண்ட.
மெதுவாக ஏறி இறங்குகிறது கார்.

மரத்துண்டுகளை அவன் எடுத்துப்போகவில்லை.

முப்பத்தொன்பது.