சியூ லெங்கின் அறை

லோரோங் கூலிட் சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
முப்பத்தைந்து ரிங்கிட்டுக்கு வாங்கினோம்.
நாற்பது என்றான்.
துணி உறையில் இருந்த கோப்பிக் கறையைக் காட்டி
ஐந்து குறைத்தேன்.
'பாகுஸ் லா, பாகுஸ்' என்று
பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான்.

ஆயர் ஈத்தாம், பதினேழாம் மாடி.
வைஃபையில் ஏறிவிட்டது. விளக்கு வெள்ளையாக நின்றது.
ஃபோனில் பாட்டைத் தொட்டு
எங்கே ஒலிக்கட்டும் என்ற பட்டியலைத் திறந்தால்
ஒரே ஒரு வரி:
சியூ லெங்கின் அறை.

தொட்டேன்.
இணைகிறது இணைகிறது இணைகிறது
பிறகு, இணைக்க முடியவில்லை.

பாயான் லெப்பாஸ் ஆலையில் இரவு ஷிப்ட் எனக்கு.
இயந்திரம் மக்கர் செய்து சிவப்பு விளக்கு எரிந்தால்
என் பெயரைத்தான் கூப்பிடுவார்கள்.
முதலில் கேபிள், அப்புறம் சென்சார்,
கடைசியில்தான் ஆளைக் கேட்பது.
பதினோரு வருட ஒழுங்கு.
அந்த ஒழுங்கிலேயே போனேன்.

ஃபோனை அணைத்து எழுப்பினேன்.
ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கி முப்பது வரை எண்ணினேன்.
புளூடூத்தை மறக்கச் சொன்னேன், மறந்தது.
நினைக்கச் சொன்னேன், மறுத்தது.
மீன் தொட்டிக்குப் பக்கத்திலிருந்து நகர்த்தி
சாமி மேடைக்குக் கீழே வைத்தேன்.
கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டே பரஞ்சோதி
'தண்ணி தெளிச்சுப் பாரேன்' என்றார்.

நான் கேட்டதைப் பாடவில்லையே தவிர
தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு
அது தானாகப் பாடியது.
சியூ லெங் வைத்துவிட்டுப் போன அலாரம்.
ஹொக்கியனில் ஒரு பெண் குரலாம்,
மழைக்குக் காத்திருப்பது போல
இழுத்து இழுத்துப் பாடுமாம்.
நான் கேட்டதில்லை.
அந்நேரம் ஆலையில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருப்பேன்.
விடுப்பு நாளில் வெடி வைத்தாலும் எழ மாட்டேன்.
பரஞ்சோதி சொல்லித்தான் தெரியும்.
புகாராகத்தான் சொல்கிறார் என்று
குறித்துக்கொண்டேன்.

சியூ லெங்கைப் பற்றி நான் யோசிக்கவில்லை.
கொஞ்சம் யோசித்தேன்.
ஐந்தே முக்காலுக்கு எழுந்து
எங்கோ போக வேண்டியிருந்தவள்.
இப்போது வேண்டியிராதவள்.

அடியில் ஓர் ஊசித் துளை.
கம்மலைக் கழற்றி அதன் தண்டால் அழுத்தினேன்.
பதினைந்து விநாடி.
விளக்கு ஆரஞ்சாகிச் சுற்றிச் சுற்றி வந்து
இதுவரை யாரையுமே பார்த்திராதவளைப் போல
ஹலோ என்றது.
என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டது.
'ஹால்' என்று தட்டினேன்.

தொட்டதும் பாடியது.
கவிதாஷினி சோபா மேல் ஏறி ஆடினாள்.
கோளாறு: பழைய கணக்கு.
தீர்வு: அழித்தல்.
ஆன நேரம்: பத்தொன்பது நாள்.
ஆலையாக இருந்தால் கையெழுத்துப் போட்டு
மூடியிருப்பேன்.

மறுநாள் ஏழு இருபதுக்கு
ஆலைப் பேருந்திலிருந்து இறங்கி வந்தால்
கீழ்த்தளத்துப் பாதுகாவலர் சொன்னார்,
பள்ளி வேன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டதென்று.
வீட்டில் திரைச்சீலை கூட விலகவில்லை.
நாற்காலி முதுகில் இஸ்திரி போட்ட சீருடை.
அப்பாவும் மகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்து
ஒரே அளவுக் குறட்டை.
ஸ்பீக்கர், வெள்ளை விளக்குடன்,
எந்தக் கோளாறும் இல்லாமல்.

உலுக்கியதும் கண்ணைத் திறந்தவர்
மணி என்ன என்று கேட்கவில்லை.
'அந்தப் பாட்டு எங்க?' என்றார்.

பாட்டின் பெயர் தெரியாது அவருக்கு.
முதல் வரி தெரியும், அர்த்தம் தெரியாமல்.
மகளுக்கு இரண்டாம் வரியும் தெரியும்.
இத்தனை நாள்
ரொட்டியில் காயா தடவிக்கொண்டே
இரண்டு பேரும் பாடியிருக்கிறார்கள்.
என்னிடம் யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

இப்போது மூன்று பேரும் ஸ்பீக்கர் முன்னால்.
அவர் முனகுகிறார்.
அது ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கிறது.
'அங்க இன்னும் இழுக்கணும்பா' என்று
மகள் திருத்துகிறாள்.
இன்னும் இழுக்கிறார்.
விளக்கு சுற்றுகிறது. நிற்கிறது.
பினாங்கில் இன்று பிற்பகல்
இடியுடன் மழை பெய்யலாம் என்கிறது.

'கிட்ட வந்துட்டோம்' என்கிறார் பரஞ்சோதி.