சூடேற்றி

மீன் என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம்.
பொருத்தம்தான்.
ஆனால் தண்ணீருக்கு வெளியே இருப்பது அது,
அடியில் கிடப்பது நாம்,
நடுவே ஓடுவது காற்று.
மினுக்குவது மீன் இல்லை.
அந்த மினுக்கத்தை அடக்கத்தான் எனக்குச் சம்பளம்.

சதர்லாந்து மலை. ஜூலை. மைனஸ் ஏழு.
முன்விளக்கை அணைத்துவிட்டு
ஊர்ந்து ஏறிய வண்டியை
வேலியோரச் செம்மறிகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் உள்ளங்கையை விடச் சின்னக் கண்ணாடி,
அதன் முதுகில் தொண்ணூற்றேழு ஊசிகள்.
காற்று ஒளியை எப்படிக் கோணலாக்குகிறதோ
அதற்கு நேர் எதிராய்க் கோணிக்கொள்ளும்,
நொடிக்கு ஆயிரம் தரம்.
இரண்டு தப்பு சேர்ந்து ஒரு சரி.
டர்பனில் என் வீட்டில் இந்தக் கணக்கு
ஒருநாளும் செல்லுபடியானதில்லை.

இன்றிரவு இங்கேயும் இல்லை.
கொதிக்கும் பாலின் ஆடைபோல்
திரையில் விண்மீன்
சுருங்கியது, கிழிந்தது, மறுபடி கூடியது.

"மேல்காற்று, கோகி" என்றான் சாரெல்.
கோகிலாம்பாளை அவ்வளவாகச் சுருக்கியவன்.
அவன் பெயரில் ஒரு கொம்பை எடுத்தால்
எங்கள் மொழியில் தூறல் என்று
ஒருமுறை எழுதிக் காட்டினேன்.
நான்கு வருடம் மழை காணாத கரூ பண்ணையில் பிறந்தவன்
காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

மேல்காற்றென்றால் மேற்கிலிருந்து ஓடும்.
அளவுமானியில் இது ஓடவில்லை.
எழுந்தது.
மெதுவாக, கீழேயிருந்து,
சோற்றுப்பானை ஆவி மாதிரி.

இரண்டு மணிக்கு டார்ச்சோடு இறங்கினேன்.
தொலைநோக்கியின் காலடியில்
சிவந்து சிரித்துக்கொண்டிருந்தது சூடேற்றி.
மாலையில் திருகாணி முடுக்க
விரல் மடங்காமல் போக
நான்தான் போட்டேன்.
நானேதான்.

ஆறு மணி நேரமாய்
வானத்தைத் திட்டியிருக்கிறோம்.
அந்தக் கண்ணாடியோ ஒரு வார்த்தை சொல்லாமல்
என் விரல்களின் குளிரை
நொடிக்கு ஆயிரம் தரம் திருத்திக்கொண்டிருந்திருக்கிறது.

அணைத்தேன்.
இரும்பு ஆற நாற்பது நிமிடம்.
சாரெல் எதுவும் கேட்கவில்லை,
தன் கையுறையைக் கழற்றி மேசைமேல் தள்ளினான்.
எனக்குப் பெரிது; போட்டுக்கொண்டேன்.

மூன்றரைக்கு
ஊசிகள் கொஞ்சம் மூச்சுவிட்டன.
புள்ளி இறுகியது, இன்னும் இறுகியது,
பிறகு நடுவில் ஒரு மயிரிழைக் கறுப்பு.
இரண்டு.
மாலையிலிருந்து ஒன்றென்று எண்ணிய இடத்தில்
இரண்டு.

பதிவேட்டில் "தாமதத்திற்குக் காரணம்" என்றொரு கட்டம்.
பெரிய கையுறைக்குள் பேனா நிற்கவில்லை.
காற்று என்று எழுதிவிட்டு,
அடித்துவிட்டு,
என் பெயரை எழுதினேன்,
கோணலாக.