எட்டாவது நிமிடம்

நெப்ராஸ்காவில் ஒரு மாட்டிறைச்சி ஆலை.
சம்பளப் பட்டியல் போடுகிறவள் நான்.
வாரத்தில் நாற்பது மணி வரை பதினெட்டு டாலர்,
அதைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு, இருபத்தேழு.
இதெல்லாம் பிள்ளைக் கணக்கு.

கணக்கு கெடுவது கடிகாரத்தில்.
கால் கால் மணியாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
ஏழு நிமிடம் என்றால் விழுங்கிவிடும்,
எட்டு என்றால் பதினைந்தாய்க் கக்கும்.

எவுலோஹியோ ட்சோக், எப்போதோ நாற்பதைத் தாண்டியவன்,
இரத்தம் போக ஏப்ரனை அலசிவிட்டு
அட்டையைத் தேய்க்கையில் தினமும் ஏழு.
ஆறு நாள். நாற்பத்திரண்டு நிமிடம்.
பதினெட்டு டாலர் தொண்ணூறு சென்ட்
அலசிய தண்ணீரோடு.

வெள்ளிக்கிழமை வந்தான். சண்டை இல்லை.
மளிகை ரசீதின் முதுகில் பென்சிலால்
இதே கணக்கு; விடையும் சரி.
"விதி அப்படி" என்றேன்.
எந்த விதி என்று கேட்காமல் போனான்.

திங்களன்று ஜன்னல் வழியே பார்க்கிறேன்:
கடிகாரத்துக்கு முன்னால் முப்பது பேர்,
கையில் அட்டை, ஒருவரும் பேசவில்லை.
ஏழு, எட்டாக மாறியது.
வரிசை நகர்ந்தது.

அந்த வாரப் பட்டியலை
இரண்டு முறை கூட்டினேன்.
விதிப்படிதான் இருந்தது.