செவியெலும்பு

உடம்பிலேயே கெட்டியான எலும்பு
காதுக்குள் இருக்கிறதாம்.
வாதுமைக் கொட்டையளவு.
மூவாயிரம் வருஷத்து மழையும் உப்பும் எரிமலைச் சாம்பலும்
தின்றுதீர்க்காமல் விட்டுவைத்தது
அதைத்தான்.
பேசிய தாடை பொடிந்துபோயிற்று.
கேட்ட எலும்பில்
இன்னும் வாசிக்க ஏதோ இருக்கிறது.

அதைத் துளையிடுவது என் வேலையில்லை.
எஃபாத்தே தீவின் வடகரையில்
இரண்டு கட்டில் மருந்தகத்துக்கு நான் நர்ஸ்.
உயிரோடு இருப்பவர்கள் மட்டும் என் பங்கு.
கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சி,
முப்பது வினாடி,
காவா குடித்துவிட்டு வரக்கூடாது
(பாதிப் பேர் குடித்துவிட்டுத்தான் வந்தார்கள்).
நூற்றுப் பதினொரு குழாய்கள்
தடுப்பூசிக் குளிர்பெட்டியில்,
பாதிரியாரின் சூரைமீனுக்குப் பக்கத்தில்.

கல்தபாவ் மட்டும் மறுநாளும் வந்தார்.
ஒரு கன்னம் போதுமே என்றேன்.
"நேற்றுக் கொடுத்தது அப்பா வழி,
இது அம்மா வழி" என்றார்.

அவருக்கு வழக்கு இருக்கிறது.
ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்பை
மாசோங்கோ வீட்டார்
ஓட்டல்காரனுக்குக் குத்தகைக்கு விடப் பார்க்கிறார்கள்.
முதலில் வந்தது யார்?
முத்திரையோடு ஒரு தாள் வேண்டும் அவருக்கு.

பதினான்கு மாதம் கழித்துத் தாள் வந்தது.
முத்திரை இல்லை.
சுவாவிலிருந்து மெரெவலேசி என்ற ஆய்வாளர் வந்து
ஊர்க்கொட்டகையில் பாய்மேல் அமர்ந்து விரித்தார்.
வண்ணவண்ணப் பட்டைகள்,
ஆளுக்கொன்று.

முதலில் வந்தவர்கள்
வடமேற்கே வெகுதூரத்திலிருந்து
பன்றியும் கோழியும் கிழங்கும் சட்டியும் ஏற்றி
ஆளில்லாத கரையில் இறங்கினார்கள்.
சட்டிக் கழுத்தில் சீப்புப்பல்லால்
புள்ளி குத்தத் தெரிந்தவர்கள்.
பின்னால் வேறு படகுகள், வேறு ஆட்கள்.
ஒரே நாளில் அல்ல, ஒரே தலைமுறையில் அல்ல.
முன்னவர் பங்கு
கரைந்து கரைந்து
பட்டையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் கீற்றாய் நிற்கிறது.

கல்தபாவ் கீற்றைச் சுண்டுவிரலால் அளந்தார்.
எழுந்துபோய்
மாசோங்கோவின் கீற்றையும் அளந்தார்.
இரண்டு தரம் அளந்தார்.

"ஆனால் பேச்சு மாறவில்லை" என்றார் மெரெவலேசி.
பின்னால் வந்தவர்கள்
கொண்டுவந்த மொழியை எங்கோ இறக்கிவைத்துவிட்டு
முன்னவர் மொழியை எடுத்துக்கொண்டார்கள்.
ஏன் என்று குழாய்க்குத் தெரியாது.
கையை விரித்துக் காட்டினார்.
லிமா என்கிறீர்களே, ஐந்து,
அந்தச் சொல்
முதல் படகில் வந்தது.

அன்றிரவு ஊசிகளை எண்ணி அடுக்கும்போது
ஐந்தில் நின்றுவிட்டேன்.
யாரோ ஒருத்தி
மொழி தெரியாத ஒருவனின் விரல்களைப்
பிடித்து மடக்கியிருக்கிறாள்.
அவன் தப்பாய்ச் சொல்ல, சிரித்திருக்கிறாள்.
இல்லை, சிரிக்காமல் அழுதுமிருக்கலாம்;
அவன் எப்படி வந்தான்
என்று யார் கண்டது.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்
என்பதுதான்.

கொட்டகையில் நடந்ததைச் சொல்லி முடிக்கவில்லை.
வெகுநேரம் யாரும் பேசவில்லை.
பிறகு கல்தபாவ்,
"நீதிபதி முன்னால் நின்று லிமா என்றால்
தோப்பைக் கொடுத்துவிடுவாரா?" என்றார்.
முதலில் சிரித்தது மாசோங்கோ.
அந்த வருஷத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தது
அந்த ஒரு தடவைதான்.
வழக்கு வரும் மாதம் பதினேழாம் தேதி.

வெளியே வந்தவர்
யாருடைய செருப்பையோ கவ்விக்கொண்டிருந்த தன் நாயை
மூவாயிரம் வருஷத்துச் சொல்லால்
அதட்டினார்.

அது
காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை.